மூன்றாண்டுக் கணக்கும் எட்டாண்டுக் குடியிருப்பும்: பர்மாவில் செட்டியார் முதலும் குடியுரிமைச் சட்டங்களும்

பர்மாவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இட்டிருந்த பெருமுதல் எவ்வாறு கைவிட்டுப் போயிற்று என்ற கேள்விக்கு, 1930இல் தொடங்கிய நெல் விலை வீழ்ச்சியையும், 1942இன் ஜப்பானியப் படையெடுப்பையும், 1960களின் நாட்டுடைமை நடவடிக்கைகளையும் விடையாகச் சொல்வது வழக்கம். இவை யாவும் உண்மையான காரணங்களே. ஆயினும் இவற்றுக்கு இடையில், ஓசையின்றி நெடுங்காலம் வேலை செய்த இன்னொரு காரணம் உண்டு. ஒரு நாட்டில் யார் குடியிருப்பவர், யார் வந்து தங்குபவர், யார் குடிமகன் என்பதை வரையறுக்கும் சட்டங்கள் 1937 முதல் அடுத்தடுத்து மாறியதே அது. செட்டியார்களின் லேவாதேவித் தொழிலை, அதாவது வட்டிக்குக் கடன் கொடுத்து வாங்கும் தொழிலை, நூறாண்டுக் காலம் வலுவாக நிறுத்தியிருந்த ஒழுங்கு எதுவோ, அதே ஒழுங்குதான் புதிய சட்டங்களின் அளவுகோலில் அவர்களுடைய தகுதியின்மைக்குச் சான்றாக மாறியது. ஆள் மாறி மாறிப் போய் வருவதும், முதலாளி சொந்த ஊரிலேயே இருப்பதும், குடும்பம் கடல் கடவாதிருப்பதும் தொழிலுக்கு உயிராக இருந்தன. குடியுரிமைச் சட்டமோ தொடர்ந்த குடியிருப்பையே கேட்டது.

முதல் ஆங்கிலேய – பர்மியப் போரின் முடிவில், 1826இல், அரக்கானும் தெனாசரிமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், இந்தியப் படைகளையும் இந்தியத் தொழிலாளரையும் பின்தொடர்ந்து செட்டியார்கள் மோல்மேனை அடைந்தனர். 1852இல் கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமானதும் அவர்களுடைய தொழிலின் மையம் இரங்கூனுக்கு நகர்ந்தது. அந்நகரின் மொகல் தெரு செட்டியார் கடைகளின் தெருவாக அறியப்பட்டது. ஐராவதி ஆற்றின் கழிமுகம் அப்போது பெரும்பாலும் காடும் சதுப்புமாகக் கிடந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு ஐரோப்பியச் சந்தைக்குக் கப்பல் வழி சுருங்கியதும், அந்தச் சதுப்பை வெட்டித் திருத்தி நெல் விளைவிக்க ஆயிரக்கணக்கான பர்மியக் குடும்பங்கள் தெற்கு நோக்கி நகர்ந்தன. காட்டை வெட்டவும், மாடு வாங்கவும், முதல் அறுவடை வரை சாப்பிடவும் அவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது. ஐரோப்பிய மாற்று வங்கிகள், அதாவது வெளிநாட்டு வாணிகத்துக்கான நாணய மாற்றையே தொழிலாகக் கொண்ட வங்கிகள், உழவனுக்குக் கடன் கொடுப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் செட்டியார்கள். 1929–30இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றில் சுமார் 75 கோடி ரூபாய் முதல் இடப்பட்டிருந்ததாகவும் மதிப்பிட்டது. உலகுக்கு அரிசி ஏற்றுமதி செய்யும் நாடுகளில் பர்மா முதலிடம் பெற்றதில் இந்த முதலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதைக் காலனிய அதிகாரிகளின் அறிக்கைகளே ஒப்புக்கொண்டன.

இந்தக் கடைகள் நடந்த முறையைச் சற்று விரிவாகக் காண்பது அவசியம். பின்னால் வந்த சட்டங்கள் மோதியது இந்த முறையோடுதான். ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம் உண்டு. மூத்தோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைந்த அந்த விலாசமே கடையின் பெயராகவும் அடையாளமாகவும் வழங்கியது. முதலாளி பெரும்பாலும் காரைக்குடி, தேவகோட்டை, அவற்றைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்கள் ஆகியவற்றிலேயே இருப்பார். கடையை நடத்தப் பர்மாவுக்குப் போகிறவர் மேலாள் எனவும் ஏஜண்டு எனவும் அழைக்கப்பட்டார். அவருக்குத் துணையாக அடுத்தாளும், கணக்கெழுதுவோரும், தொழில் கற்றுக்கொள்ளும் பெட்டியடிப் பையனும் இருந்தனர். மேலாள் பெரும்பாலும் முதலாளியின் உறவினராகவோ அதே சமூகத்தவராகவோ இருந்தார். முதலாளியின் சார்பில் வழக்காடவும், ஈடு வாங்கவும், பத்திரம் பதியவும் அவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டது. அவருடைய பணிக்காலம் வழக்கமாக மூன்றாண்டு. அக்காலம் முடிந்ததும் வரவு, செலவு, நிலுவை அனைத்தையும் தொகுத்துக் காட்டும் ஐந்தொகையை முடித்து, பொறுப்பை அடுத்து வரும் மேலாளிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஊர் திரும்புவார். ஓராண்டோ ஈராண்டோ வீட்டில் இருந்தபின், அதே கடைக்கோ வேறு கடைக்கோ மறுபடியும் கப்பலேறுவார். இந்தச் சுழற்சியில் மனைவி மக்கள் செட்டிநாட்டை விட்டு நகர்வது அரிது.

இவ்வாறு ஆள் மாறி மாறி வந்ததைப் பார்த்து, செட்டியார்களுக்குப் பர்மா மண்ணின்மீது பற்றில்லை என்று அக்காலத்துப் பர்மியத் தேசியவாதிகளும் ஆங்கிலேய அதிகாரிகளில் சிலரும் குறை கூறினர். குறையின் பின்னுள்ள வேதனை புரிந்துகொள்ளத்தக்கதே எனினும், இந்தச் சுழற்சியைப் பற்றின்மை என்று மட்டும் படிப்பது தொழிலை அறியாத படிப்பு. செட்டியார் கடையின் முதல் ஒருவருடைய சொந்தப் பணமாக மட்டும் இருந்ததில்லை. உறவினர்கள் வைத்த வைப்பும், பெண்களுக்குச் சீராகக் கொடுத்த பணத்தை அவர்கள் பெயரிலேயே வட்டிக்கு விட்ட வைப்பும், கோயில்களின் அறக்கட்டளைப் பணமும், தவணைக்கு வாங்கிய பிறர் பணமும் சேர்ந்தே கடையின் கைமுதல் ஆயிற்று. இந்தப் பணம் திரண்டது செட்டிநாட்டில். அதைத் திரட்டித் தந்தது அங்குள்ள நாணயம், அதாவது ஒரு குடும்பத்தின் சொல்லுக்கு ஊரில் இருந்த மதிப்பு. மேலாள் ஊர் திரும்பி, முதலாளியின் முன்னால் கணக்கு ஒப்பித்து, கோயில் திருவிழாவிலும் உறவினர் திருமணத்திலும் முகம் காட்டி வாழ்ந்தால்தான் அந்த நாணயம் நிலைக்கும். பர்மாவிலேயே நிலையாகக் குடியேறிவிட்ட மேலாளிடம் பிறர் பணத்தை ஒப்படைக்க எந்த ஆச்சிக்கும், அதாவது செட்டியார் வீட்டுப் பெண்ணுக்கும், துணிவு வந்திராது.

இவ்வாறு போய் வருவதற்கு அனுமதி தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. 1886 முதல் பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி இரங்கூனில் இறங்குவது சட்டத்தின் கண்ணில் ஒரே நாட்டுக்குள் பயணம் செய்வதாகும். கடவுச்சீட்டு, நுழைவு அனுமதி, குடியிருப்பு அனுமதி என எதையும் யாரும் கேட்டதில்லை. ஆகவே ஒரு செட்டியார் பர்மாவில் எத்தனை நாள் இருந்தார் என்பது கணக்குப் பேரேட்டுக்கு வெளியே எவருக்கும் பொருட்டாக இருக்கவில்லை.

1930ஆம் ஆண்டின் நெல் விலை வீழ்ச்சி இந்த நிலையை உள்ளிருந்தே மாற்றியது. நிலத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கிய பர்மிய உழவர்களால் அசலையோ வட்டியையோ கட்ட முடியவில்லை. செட்டியார்களுக்கு வேண்டியது பணம், கிடைத்ததோ நிலம். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் சுமார் 5,70,000 ஏக்கர், அதாவது பயிர்செய்யப்பட்ட நிலத்தில் 6 விழுக்காடு. 1937இல் அது ஏறத்தாழ 24,46,000 ஏக்கராக, நாலில் ஒரு பங்காக, உயர்ந்தது. இந்த எண்கள் பேராசையின் அளவாகப் பல இடங்களில் எடுத்துக்காட்டப்பட்டுள்ளன. உண்மையில் இவை வராக்கடனின் அளவு. உண்டியல் எனும் மாற்றுச்சீட்டு வழியாக ஒரே கடிதத்தில் இரங்கூனிலிருந்து கொழும்புக்கோ பினாங்குக்கோ நகர்ந்துவிடக்கூடிய முதல், ஏழாண்டுக்குள் பெயர்க்க முடியாத வயலாக உறைந்துபோயிற்று. ஆயினும் உழவனின் பக்கமிருந்து பார்த்தால் நடந்தது ஒன்றே: பாட்டன் காடு வெட்டித் திருத்திய நிலத்தில் பேரன் குத்தகைக்காரனாக நின்றான், நிலத்தின் உடைமையாளரோ அவன் ஒருபோதும் காணாத ஓர் ஊரில் இருந்தார். 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் மூண்ட உழவர் கிளர்ச்சியில் வரிச்சுமையோடு இந்தக் கடன்சுமையின் கோபமும் கலந்திருந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுத இயலாது.

முதல் நிலமாக உறைந்த அதே வேளையில், ஆள் நடமாட்டத்தின்மீது சட்டத்தின் கை விழத் தொடங்கியது. 1935ஆம் ஆண்டின் பர்மா அரசுச் சட்டப்படி, 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. பர்மாவிலிருந்த இந்தியர் ஒரே நாளில் வேறொரு நாட்டில் இருப்பவராயினர். (காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் கிளை திறந்து இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டது அதே 1937 பிப்ரவரியில்தான், பிரிவினை முதலின் ஓட்டத்தை நிறுத்திவிடும் என்று அதன் நிறுவனர் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் கருதவில்லை என்பதற்கு இது சான்று.) பிரிவினைக்குப் பின் சில ஆண்டுகளுக்கு இரு நாடுகளுக்கிடையிலான போக்குவரத்து பழையபடியே நடக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் 1938இல் இரங்கூனிலும் பிற நகரங்களிலும் இந்தியருக்கு எதிராக வெடித்த கலவரங்களுக்குப் பின், இந்தியர் குடியேற்றத்தை ஆராய ஜேம்ஸ் பாக்ஸ்டர் தலைமையில் ஒரு விசாரணை அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையின் வழியில் 1941 ஜூலையில் இந்தோ – பர்மா குடிநுழைவு ஒப்பந்தம் வெளியாயிற்று.

அந்த ஒப்பந்தமே பர்மாவிலிருந்த இந்தியரை முதன்முதலாக வகைப்படுத்திய ஆவணம் எனலாம். பர்மாவிலேயே பிறந்து வளர்ந்து அதையே நிலையான இருப்பிடமாகக் கொண்டோர் ஒரு வகை. குறித்த காலத்துக்குள் மொத்தம் ஏழாண்டு அங்கே வாழ்ந்திருந்தோர் இன்னொரு வகை. மற்றவர் அனைவரும் அனுமதிச்சீட்டு பெற்றே வரவேண்டியவர். அனுமதிச்சீட்டும் இருவகைப்பட்டது. ‘ஏ’ வகைச் சீட்டு காலவரையின்றித் தங்கவும் தொழில் செய்யவும் இடம் கொடுத்தது. ‘பி’ வகைச் சீட்டு மூன்றாண்டுக்கு மிகாத காலத்துக்கு மட்டும் உரியது. இங்கே குறிப்பிடத்தக்க ஒன்று உண்டு: செட்டியார் மேலாளின் பணிக்காலமும் மூன்றாண்டு, ‘பி’ சீட்டின் உச்ச வரம்பும் மூன்றாண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் பழைய வழக்கத்துக்கு இடையூறில்லை என்றே தோன்றும். ஆனால் முன்பு அந்த மூன்றாண்டைத் தீர்மானித்தவர் முதலாளி. இனி அதைத் தீர்மானிப்பது இரங்கூனிலிருந்த ஓர் அரசு அலுவலகம். ஒப்பந்தத்தைக் காந்தியும், இந்திய வணிக அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தனர். அதே ஆண்டு டிசம்பரில் இரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தமையால் அது முழுமையாக நடைமுறைக்கு வரவே இல்லை. நடைமுறைக்கு வராவிட்டாலும், இருப்போரைக் குடியிருப்பின் நீளத்தைக் கொண்டு தரம் பிரிக்கும் அதன் சிந்தனை விடுதலைக்குப் பிந்திய சட்டங்களில் தொடர்ந்து வாழ்ந்தது.

1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் பெரும்பாலும் கால்நடையாகவே வெளியேறினர். வழியில் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் பல்லாயிரவர். அந்தப் பயணத்தின் துயரத்தை, அதில் தாமே நடந்துவந்த வெ. சாமிநாத சர்மா தம் ‘பர்மா வழிநடைப் பயணம்’ நூலில் பதிவு செய்துள்ளார். செட்டியார்களைப் பொறுத்தவரை, ஈட்டுப் பத்திரங்களும் பேரேடுகளும் பல கடைகளில் அழிந்தன, நிலங்கள் குத்தகையின்றிக் கிடந்தன, பர்மாவில் அவர்கள் குடியிருந்த காலத்தின் தொடர்ச்சியும் அத்தோடு அறுந்தது. இம்மூன்றில் கடைசி இழப்பின் எடையை அப்போது யாரும் உணர்ந்திருக்க முடியாது.

1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்ற பர்மாவின் அரசமைப்புச் சட்டம், அதன் 11ஆம் பிரிவில் குடிமக்களை வரையறுத்தது. மண்ணின் இனங்களைச் சேர்ந்தோருக்குக் குடியுரிமை இயல்பாகவே கிடைத்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பில் பிறந்த பிறர், 1948 ஜனவரி 4க்கு முந்திய பத்தாண்டிலோ அல்லது 1942 ஜனவரி 1க்கு முந்திய பத்தாண்டிலோ எட்டாண்டுக்குக் குறையாமல் பர்மாவில் வாழ்ந்திருந்தால், அங்கேயே நிலையாக வாழும் எண்ணத்தைத் தெரிவித்து, குறித்த காலத்துக்குள் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டு நாள்களில் எதை வேண்டுமானாலும் கணக்கில் கொள்ளலாம் என வைத்தது, போரினால் துரத்தப்பட்டவர்களின் நிலையைச் சட்டத்தை வகுத்தோர் அறிந்தே இருந்தனர் என்பதைக் காட்டுகிறது; அந்த அளவில் அது நியாய உணர்வோடு எழுதப்பட்ட பிரிவுதான். ஆனால் செட்டியார் மேலாளின் வாழ்க்கையை அதில் வைத்துப் பார்த்தால் கணக்கு ஒத்துவராது. மூன்றாண்டு பர்மா, இரண்டாண்டு ஊர், மறுபடி மூன்றாண்டு பர்மா, மறுபடி இரண்டாண்டு ஊர் என்று பத்தாண்டைக் கழித்தவருக்கு ஆறாண்டுதான் தேறும். ஊரில் ஓராண்டே தங்கியவருக்கும் எட்டு நிறைவது அரிது. முதலாளிக்கோ, இரண்டு மூன்று முறை வந்து சில மாதம் தங்கிப் போனதைத் தவிர வேறொன்றும் கணக்கில் இராது. இருபதாயிரம் ஏக்கருக்கு உடையவராக இருந்தாலும், சட்டத்தின் முன் அவர் அந்நியர். 1948ஆம் ஆண்டின் ஒன்றியக் குடியுரிமைச் சட்டம் திறந்துவைத்த மற்றொரு வழியும், அதாவது ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்தபின் விண்ணப்பித்துக் குடிமகனாவதும், ‘தொடர்ந்து’ என்ற அதே நிபந்தனையில் முடிந்தது.

தகுதி இருந்தவர்களும் தயங்கினர். பர்மியக் குடியுரிமையை ஏற்றால் புதிதாக விடுதலை பெற்ற இந்தியாவின் குடியுரிமையைத் துறக்க வேண்டும். செட்டிநாட்டில் வீடும் நிலமும் கோயில் உரிமையும் உறவும் இருந்தன. வெளிநாடுகளில் வாழும் இந்தியர் அந்தந்த நாட்டுக் குடிமக்களாகிவிட வேண்டும், அல்லது இந்தியக் குடிமக்களாகவே இருந்தால் நட்பு நாட்டு அந்நியருக்குரிய நடத்தையையே எதிர்பார்க்க வேண்டும் என்பதே நேருவின் நிலைப்பாடாக இருந்தது. கொள்கையளவில் அது நேர்மையானது. பர்மாவில் முதலிட்டிருந்தவர்களுக்கு அது தந்த பாதுகாப்பு மிகச் சிறிது.

அந்நியர் என்று வகைப்பட்டதன் பொருள், அடுத்தடுத்து வந்த பிற சட்டங்களில்தான் வெளிப்பட்டது. 1947ஆம் ஆண்டின் குடிநுழைவு (அவசர ஏற்பாடுகள்) சட்டம், அனுமதியோ விசாவோ இல்லாமல் அந்நியர் எவரும் பர்மாவுக்குள் நுழையக் கூடாது என்றது. அதே ஆண்டின் அசையாச் சொத்து மாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், நிலத்தையோ கட்டடத்தையோ அந்நியருக்கு விற்பதையும் ஈடு வைப்பதையும் தடுத்தது. லேவாதேவியின் அடித்தளமே ஈடு. ஈடு வாங்கும் உரிமை போனபின் கடன் கொடுப்பது வெறும் நம்பிக்கையின் மேல் நிற்பதாயிற்று. அந்நியச் செலாவணிச் சட்டம் ஊருக்குப் பணம் அனுப்புவதை அனுமதிக்கு உட்படுத்தியது. 1948இன் அந்நியர் பதிவு விதிகளின்படி, அந்நியராக இருப்போர் ஒவ்வொருவரும் பதிவுச் சான்றிதழ் பெற்று, கட்டணம் கட்டி, காலந்தோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தமிழர் வழக்கில் சுருக்கமாக ‘எஃப்.ஆர்.சி.’ எனப்பட்ட அந்தச் சான்றிதழ், அதன்பின் இரண்டு தலைமுறைக் காலம் பர்மா இந்தியரின் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டது.

தனித்தனியே பார்த்தால் இவற்றில் பல, புதிதாக விடுதலை பெற்ற எந்த நாடும் செய்யக்கூடியவை. கூட்டிப் பார்க்கும்போதுதான் செட்டியார் கடையின் உள்ளமைப்பை அவை எப்படிக் கலைத்தன என்பது தெரியும். ஒரு மேலாள் ஊர் திரும்பினால், அவருக்குப் பதிலாக வருபவருக்குப் புதிய நுழைவு அனுமதி வேண்டும். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே இருப்பவர் திரும்பாமல் தங்கினார். மூன்றாண்டுக் கணக்கு ஐந்தாண்டாகி, எட்டாண்டாகி, முடிவின்றி நீண்டது. ஐந்தொகை முடித்து ஒப்படைக்கும் முறை தளர்ந்ததால், ஊரிலிருந்த முதலாளிக்குக் கடையின் உண்மை நிலை தெரியாமல் போயிற்று. வைப்பு வைத்த உறவினர்களுக்குத் தவணைப் பணம் அனுப்ப இயலாததால் செட்டிநாட்டில் நாணயம் குலைந்தது. குடியுரிமை கேட்டபோது வேண்டியிருந்த தொடர்ந்த குடியிருப்பு, அக்குடியுரிமை கிடைக்காது என்றானபின் கட்டாயமாக வாய்த்தது.

நிலத்தின் கதை விரைவில் முடிந்தது. அரசே எல்லா நிலத்துக்கும் இறுதி உரிமையாளர் என அரசமைப்பு அறிவித்திருந்தது. 1948இன் நில நாட்டுடைமைச் சட்டம் உள்நாட்டுக் கிளர்ச்சிகளின் காரணமாகச் சிறிதளவே நிறைவேறியது; 1953இல் அதைத் திருத்தி இயற்றிய சட்டம் பரவலாக நடைமுறைக்கு வந்தது. தாமே உழுது பயிரிடும் குடும்பங்களுக்கு ஒரு வரம்புவரை நிலம் விடப்பட்டது. உழாத உடைமையாளருக்கு விலக்கில்லை. இழப்பீடு நிலத்தின் சந்தை விலையை ஒட்டாமல் நிலவரியை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்பட்டது. அதுவும் செட்டியார்களுக்குப் பெரும்பாலும் கைக்கு வந்து சேரவில்லை. உழுபவனுக்கே நிலம் என்ற கோரிக்கை அறத்தின் பக்கம் நின்றது என்பதில் ஐயமில்லை. இந்தியாவின் மாநிலங்களே அந்த ஆண்டுகளில் ஜமீன்தாரி முறையை ஒழித்துக்கொண்டிருந்தன. ஆனால் இந்தியாவில் நிலம் இழந்த ஜமீன்தாருக்கு நீதிமன்றமும், வாக்கும், சட்டமன்றத்தில் பேச ஆளும் இருந்தன. பர்மாவில் நிலம் இழந்த செட்டியாருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. நிலச் சீர்திருத்தம் எவ்வளவு நியாயமானதாயினும், இழப்பீட்டைக் கேட்டுப் பெறும் வலிமையை முன்னதாகவே பறித்துவைத்திருந்தது குடியுரிமைச் சட்டம்.

ஏறக்குறைய இதே ஆண்டுகளில் பாக் நீரிணையின் மறுகரையான இலங்கையிலும் இத்தகைய நிகழ்ச்சி நடந்தது. கொழும்பு செட்டியார் தெருவை மையமாகக் கொண்டு தோட்டங்களுக்கும் வணிகர்களுக்கும் கடன் கொடுத்துவந்த செட்டியார்கள், 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தாலும், அதே ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தாலும் அந்நியராயினர். இச்சட்டங்களின் முதன்மை இலக்கு மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். நாடற்றோராகி, வாக்குரிமையும் இழந்து, பின்னர் 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட அவர்களுடைய துயரத்தின் முன், முதலாளிகளின் இழப்பைச் சமமாக நிறுத்துவது தகாது. ஆயினும் சட்டத்தின் இயக்கம் இரு சாராருக்கும் ஒன்றே. 1949இன் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மற்றவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றது; பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒரே தடவையில் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறும். மணமானவரின் மனைவியும் சிறுவயது மக்களும் உடன் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. ஆச்சியும் பிள்ளைகளும் செட்டிநாட்டில், தாம் கொழும்பில் என்று வாழ்ந்த செட்டியாருக்கு இந்த ஒரு நிபந்தனையே போதுமான தடை.

குடியுரிமை கிடைக்காதவர்கள் தற்காலிக வதிவிட அனுமதியில், அதாவது காலம் குறித்துத் தரப்பட்டுப் புதுப்பிக்கப்பட வேண்டிய சீட்டில், தங்கினர். சீட்டின் காலம் குறுகக் குறுக, நீண்டகாலக் கடன் கொடுப்பது அறிவீனமாயிற்று. கடனைத் திரட்டிக்கொண்டு கடையை மூடுவதே வழியாயிற்று. 1953இன் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படித் திரட்டிய பணத்தையும் எடுத்துச் செல்ல விடாமல் தடுத்தது. 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், குடிமக்கள் அல்லாதோருக்குச் சொத்து மாற்றப்பட்டால் அதன் மதிப்பின் நூறு விழுக்காட்டை வரியாகக் கட்டவேண்டும் என விதித்தது. சட்டப்படி தடை ஏதுமில்லை. இருமடங்கு விலை கொடுத்து வாங்க ஆளில்லை என்பதுதான் நிலைமை. இலங்கைச் சட்டங்கள் செட்டியார் வங்கித் தொழிலை எவ்வாறு கட்டுப்படுத்தின என்பதை டபிள்யூ. எஸ். வீரசூரிய 1973இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மலாயாவில் நிலைமை இவ்வளவு கடுமையாகவில்லை. 1957இல் விடுதலை பெற்றபோது அங்கே குடியுரிமையின் வாயில் சற்று அகலமாகத் திறந்தது. குடும்பத்தோடு குடியேறியவர்கள் குடிமக்களாகி, முதலையும் காத்துக்கொண்டனர்.

பர்மாவில் 1962 மார்ச் 2 அன்று இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963 பிப்ரவரியில் வங்கிகள் அனைத்தும் நாட்டுடைமையாயின. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் இரங்கூன் கிளையும் அவற்றுள் ஒன்று. 1964 மார்ச்சில் இரங்கூனின் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டன. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. பதிவுச் சான்றிதழோடு காலம் தள்ளிவந்த இந்தியர்கள், கணக்குப் பார்க்க நேரமின்றிக் கப்பலேற்றப்பட்டனர். நகையும் பணமும் கொண்டுசெல்வதற்குக் கடுமையான வரம்பு இருந்தது. அந்த ஆண்டுகளில் மூன்று லட்சம் அளவிலானோர் வெளியேறினர். செட்டியார்கள் அவர்களில் சிறுபகுதியே, பெரும்பாலோர் துறைமுகத்திலும் ஆலையிலும் சிறு கடைகளிலும் உழைத்தவர்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்றும் பர்மா காலனி என்ற பெயர் வழங்குவது அவர்கள் வந்து இறங்கிய அடையாளம். திரும்பியவர்களில் சிலர் தரைவழியாக மீண்டும் பர்மாவுக்குள் நுழைய முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயிலேயே தங்கிவிட்டனர். அங்கே ஒரு தமிழ்க் குடியிருப்பு அவ்வாறு உருவாயிற்று.

வெளியேறாமல் இருந்தவர்களுக்கு 1982 அக்டோபரில் மற்றொரு குடியுரிமைச் சட்டம் வந்தது. அது குடிமக்களை மூன்று படிகளாகப் பிரித்தது. 1823க்கு முன்பே அந்நாட்டில் நிலைபெற்றிருந்த இனத்தவர் முழுக் குடிமக்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பித்து முடிவு தெரியாதிருந்தோர் இணைக் குடிமக்கள். விடுதலைக்கு முன் வந்தோர், அதைச் சான்றோடு மெய்ப்பித்தால், இயல்புரிமை பெற்ற குடிமக்கள். முதல் ஆங்கிலேய – பர்மியப் போர் தொடங்குவதற்கு முந்திய ஆண்டு எல்லையாக வைக்கப்பட்டதால், ஆங்கிலேயர் காலத்தில் கடல் கடந்து வந்த எவரும் இனத்தின் அடிப்படையில் முதற்படியைத் தொட இயலாதவாறு சட்டம் அமைந்தது. மூதாதையர் வந்த ஆண்டைக் காட்டும் கப்பல் சீட்டோ, பிறப்புப் பதிவோ, பழைய அனுமதிச்சீட்டோ வைத்திருந்தவர்கள் விண்ணப்பம் எழுதினர். அவற்றைப் போரிலோ 1964இலோ இழந்தவர்கள் அந்நியர் பதிவுச் சான்றிதழையே மறுபடியும் புதுப்பித்துக்கொண்டனர்.